அவரோடு ஒட்டியிருந்த உரிமை

நான் டென்மார்க்கின் பிராண்டே நகருக்கு வந்த புதிதில் எல்லோரும் என்னை அதிர்ஷ்டக்காரி என்றுதான் சொன்னார்கள். விண்ணப்பம் போட்டுச் சில வாரங்களிலேயே என் படமும் கைரேகையும் பதித்த வதிவிட அட்டை வீட்டுக்கு வந்துவிட்டது. என் கணவர் பருத்தித்துறையில் பிறந்து, பத்து வயதில் தாய் தகப்பனோடு நெதர்லாந்துக்குப் போய், அங்கேயே குடியுரிமை எடுத்தவர். டென்மார்க்குக்கு அவர் வந்தது வேலைக்காக. காற்றாலை இயந்திரங்கள் பொருத்தும் ஒரு தொழிற்சாலையில் மின்னிணைப்பு வேலை. ஓர் ஐரோப்பிய நாட்டின் குடிமகன் இன்னோர் ஐரோப்பிய நாட்டில் வேலை செய்யப் போனால் மனைவியையும் கூட்டிக்கொண்டு போகலாம். மொழிப் பரீட்சை இல்லை, வங்கியில் பிணைப்பணம் கட்டத் தேவையில்லை. கலியாணப் பதிவு, அவருடைய வேலை ஒப்பந்தம், என் கடவுச்சீட்டு, அவ்வளவுதான் கேட்டார்கள்.

எங்களுக்கு மேல்மாடியில் இருந்த அக்காவால் இதை நம்பவே முடியவில்லை. அவர் எனக்குச் சொந்தமில்லை. ஊரில் யுத்தம் மூண்ட காலத்தில் டென்மார்க்குக்கு வந்து, முதியோர் இல்லம் ஒன்றில் தாதி உதவியாளராக வேலை செய்பவர். அவருடைய மகன் இந்த நாட்டிலேயே பிறந்தவன், டென்மார்க் குடிமகன். அவன் வவுனியாவில் கலியாணம் செய்தான். அவனுடைய மனைவிக்கு அனுமதி மறுத்துவிட்டார்கள். கடைசியில் அவன் இங்கிருந்த வேலையை விட்டுவிட்டு சுவீடனுக்குப் போய், அங்கே அவளை வரவழைத்துக் குடியிருந்தான்.

“என்ரை மகன் இஞ்சை பிறந்து இஞ்சை படிச்சவன். அவனுக்குக் குடுக்கேல்லை. உம்மடை மனிசன் நேற்று ஹொலண்டிலை இருந்து வந்தவர். அவருக்கு உடனை குடுக்கினம். இது என்ன சட்டம் பிள்ளை?” என்று அக்கா என் அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “நீர் குடுத்து வைச்சனீர்,” என்று திருப்பித் தந்தார். அந்தக் குரலில் பொறாமை இல்லை. அடுத்த வாரமே என்னை மொழிப்பள்ளிக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

அட்டையோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் நான் ஒரு பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞராக எட்டு வருடம் வேலை பார்த்தவள். கடிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் வாசிக்காமல் விடமாட்டேன். அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாக வாசித்தேன். என்னுடைய உரிமை கணவரின் உரிமையிலிருந்து பெறப்பட்ட ஒன்று என்று எழுதியிருந்தது.

“பெறப்பட்டது எண்டா என்ன?” என்று அவரைக் கேட்டேன்.

அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். “நான் இஞ்சை இருக்கும் வரைக்கும் நீரும் இருக்கலாம். அவ்வளவுதான்.”

அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அப்போது தோன்றியது. கலியாணம் கட்டியவர்கள் ஒரே இடத்தில்தானே இருப்பார்கள். கடிதத்தை மடித்து அலுமாரியில் வைத்தேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பின்னால் நடந்ததை யாருக்குச் சொன்னாலும் முதலில் அவரைத்தான் திட்டுகிறார்கள். அதிகம் கதைக்க மாட்டார். கோபித்துக்கொள்ளவும் மாட்டார். பிராண்டேயில் கார் ஓடத் தெரியாவிட்டால் வேலைக்கும் போக முடியாது, கடைக்கும் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலையின் வெறும் வாகனத் தரிப்பிடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டுபோய், எப்படித் திருப்புவது, எப்படிப் பின்னுக்கு எடுப்பது என்று பொறுமையாகக் காட்டித்தருவார். பக்கத்தில் காற்றாலைகளின் ராட்சத இயந்திரக் கூடுகள் வெள்ளையாக வரிசையில் நிற்கும். நான் ஒன்றில் மோதப்போய் அலறினால், “அது நகராது. நீர்தான் நகரோணும்,” என்பார். இரண்டாம் தடவையில் எனக்கு லைசன்ஸ் கிடைத்தது. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் பொய் இல்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அக்கா தன் முதியோர் இல்லத்தின் சமையற்கூடத்தில் எனக்கு வேலை எடுத்துத் தந்தார். மெல்ல முடியாத வயோதிபர்களுக்கு உணவை அரைத்துக் கூழாக்கி, பிறகு அதே இறைச்சித் துண்டு மாதிரி, அதே கரட் மாதிரி அச்சில் வார்த்து வைக்கும் வேலை. சமையற்கூடப் பொறுப்பாளர் ஒரு டேனிஷ் பெண்மணி, பெரிய குரல், பெரிய கை. என் மொழி தடுமாறினால் காத்திருப்பார். மூன்று வருடத்தில் அங்கே நான் முழுநேர ஊழியர். ஐந்து வருடம் முடிந்தால் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று அக்கா நாள்காட்டியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஐந்தாவது வருடத்தின் நடுவில் ஒரு சனிக்கிழமை, பழைய அட்டைப் பெட்டிகளையும் உடைந்த கதிரை ஒன்றையும் கழிவு சேர்க்கும் இடத்தில் போடப் போயிருந்தோம். எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து காரில் ஏறியவர், திறப்பைப் போட்டார், ஆனால் திருப்பவில்லை.

“ஒண்டு சொல்லோணும்,” என்றார்.

“சொல்லுங்கோ.”

“கலியாணத்துக்கு முந்தி எனக்கு ஒராள் இருந்தவ. டச்சுப் பிள்ளை. வீட்டிலை விடேல்லை.”

“தெரியும். உங்கடை தங்கச்சி சொன்னவ.”

“இப்ப திரும்பக் கதைக்கிறம்.”

எங்களுக்கு முன்னால் ஒரு கிழவன் இழுவைப் பெட்டியிலிருந்து மெத்தை ஒன்றை இறக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். ஒருவரும் உதவிக்குப் போகவில்லை. நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எப்ப இருந்து?”

“போன கோடையிலை இருந்து.”

“இப்ப என்ன செய்யப்போறியள்?”

“தெரியேல்லை. கொஞ்சநாள் அங்கை போய் நிண்டு யோசிச்சிட்டு வாறன்.”

இறங்கிப் போய் அந்தக் கிழவனுக்கு மெத்தையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொடுத்தேன். அவன் நன்றி சொன்னான். திரும்பி வந்து காரில் ஏறினேன். வீட்டுக்குப் போனோம்.

வேலையிலிருந்து விலகுவதாகத் தொழிற்சாலைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, இலையுதிர்காலத் தொடக்கத்தில் ஒரு பையோடு ரயிலில் நெதர்லாந்துக்குப் போனார். காரை எனக்கு விட்டுவிட்டுப் போனார். ஸ்டேஷனில் என் தோளைத் தொட்டு, “வாறன்,” என்றார். எங்கள் ஊரில் புறப்படுகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான் அது. நான் அதைத் திரும்பி வருவேன் என்று தந்த வாக்காகவே எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் காத்திருந்ததுதான். ஞாயிறுகளில் அழைப்பார். குளிர் எப்படி, கார் ஸ்டார்ட் ஆகிறதா என்று கேட்பார். எப்போது வருவீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். அவரும் சொல்ல மாட்டார். அம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

“பொறு பிள்ளை,” என்றார் அம்மா தொலைபேசியில். “அவசரப்பட்டு ஒண்டிலையும் கையெழுத்து வைச்சுப்போடாதை. ஆம்பிளையள் போவினம், வருவினம். நீ வீட்டை வடிவா வைச்சிரு. அவர் வந்து பாக்கேக்கை வீடு வீடா இருக்கோணும்.”

சமையற்கூடப் பொறுப்பாளர் வேறு மாதிரிச் சொன்னார். அவர் இரண்டு தடவை விவாகரத்துச் செய்தவர். இங்கே அது பெரிய காரியமில்லை, இருந்த இடத்திலிருந்து இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்று கோப்பி குடிக்கும் நேரத்தில் தன் தொலைபேசியில் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினார். கணவரோடு சேர்ந்து விண்ணப்பிக்கிறீர்களா, தனியாகவா என்று அது கேட்டது. அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை என்றேன். “அவருடைய முடிவுக்கு நீ ஏன் காத்திருக்கிறாய்?” என்று கேட்டார். அவர் என் கணவர் என்றேன். பொறுப்பாளர் என் கையில் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

குளிர் கூடிவந்தபோது இன்னொரு கடிதம் வந்தது. அரசாங்கக் கடிதங்கள் இங்கே தொலைபேசிக்குள்தான் வரும். மதிய இடைவேளையில், கையுறையைக் கழற்றிவிட்டுத் திறந்தேன். உங்கள் கணவர் டென்மார்க்கிலிருந்து வெளியேறியதாகப் பதிவாகியிருக்கிறது, ஆகவே உங்கள் வதிவிட உரிமை முடிவுக்கு வந்துவிட்டதாகக் கருதப் போகிறோம், இதுபற்றி உங்கள் கருத்து ஏதும் இருந்தால் குறிப்பிட்ட தேதிக்குள் தெரிவிக்கலாம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

பிரதேச செயலகத்தில் இந்த மாதிரிக் கடிதங்களை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். உமது கருத்து என்ன என்று கேட்கும்போது கோப்பில் முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால் கேட்பது. கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு பிற்பகல் வேலையை முடித்தேன். அன்றைக்கு வார்த்த கரட் ஒன்றும் கரட் மாதிரி வரவில்லை.

ஹேர்னிங் நகர நூலகத்தில் சட்டம் படித்தவர்கள் இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள் என்று அக்கா அறிந்து சொன்னார். அக்காவுக்கு வேலை. நான் தனியாகக் காரோட்டிக்கொண்டு போனேன். என் முறை வந்தபோது எதிரில் இருந்தவர் இளம் பெண். சைக்கிளில் மழைக்குள் வந்திருக்க வேண்டும், தலைமயிர் நனைந்திருந்தது. கடிதத்தை முழுவதும் வாசித்தார். கலியாணம் எப்போது, இங்கே வந்தது எப்போது, வேலை என்ன, அவர் போனது எப்போது என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார். நாங்கள் டேனிஷில்தான் கதைத்தோம்.

“அவர் நாட்டைவிட்டுப் போவதற்கு முன்னால் நீங்கள் விவாகரத்துக்கு விண்ணப்பித்தீர்களா?”

“இல்லை.”

அவர் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, குறித்த தேதிகளை மறுபடி பார்த்தார்.

“விண்ணப்பித்திருந்தால் நீங்கள் இங்கேயே இருக்கலாம்,” என்றார். “கலியாணம் மூன்று வருடத்துக்கு மேல் நிலைத்திருக்கிறது. அதில் இந்த நாட்டில் ஒரு வருடத்துக்கு மேல். உங்களுக்குச் சொந்த வேலையும் இருக்கிறது. எல்லாம் பொருந்தியிருக்கும்.”

“இன்றைக்கு விண்ணப்பித்தால்?”

“இன்றைக்கு அவர் இங்கே இல்லையே. அவர் வெளியேறிய அன்றைக்கே உங்கள் உரிமை முடிந்துவிட்டது. முடிந்ததை விவாகரத்து திரும்பக் கொண்டுவராது.”

எனக்கு விளங்கவில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இன்னும் மெதுவாக, இலகுவான சொற்களில் திரும்பச் சொன்னார். எனக்கு முதல் தடவையிலேயே விளங்கிவிட்டது.

“அவர் வேறு வீட்டில் இருந்திருந்தால்?” என்று கேட்டேன்.

“பரவாயில்லை. சேர்ந்து வாழ வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. அவர் அந்தப் பெண்ணோடு இங்கே ரண்டர்ஸ் நகரில் குடியிருந்திருந்தாலும் உங்கள் உரிமை இருந்திருக்கும். டென்மார்க்குக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.”

“அப்படியென்றால், அவர் என்னை விட்டுப் போக முன்னம் நான் அவரை விட்டிருக்க வேண்டும்.”

“சட்டப்படி, ஆம்,” என்றார். முகம் சிவந்திருந்தது.

மறுபடியும் பேனாவை எடுத்தார். “ஒரு விதிவிலக்கு இருக்கிறது. வீட்டில் வன்முறை நடந்திருந்தால், அவர் போன பிறகு விண்ணப்பித்தாலும் ஏற்றுக்கொள்ளலாம். அவர் உங்களை அடித்தாரா?”

“இல்லை.”

“மிரட்டினாரா? ஒரு தடவைகூட?”

அவருடைய பேனா தாளைத் தொட்டபடி இருந்தது. ஒரு சொல் சொன்னால் எழுதத் தயாராக இருந்தார். அவரும் அதைத்தான் விரும்பினார் என்று தோன்றியது. எனக்கு அந்த வாகனத் தரிப்பிடமும், பக்கத்து இருக்கையில் பயத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதரும்தான் நினைவுக்கு வந்தார்கள்.

“இல்லை,” என்றேன். “ஒரு தடவைகூட இல்லை.”

அவர் பேனாவை மூடினார். இன்னொரு வழி இருக்கிறது என்றார். கணவர் திரும்பி வந்து உண்மையாகவே இங்கே வேலை செய்தால் உரிமை மறுபடியும் உயிர்பெறலாம், அவர் இங்கே இருக்கும்போதே விவாகரத்துக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அது நாடகமா என்று நன்றாகத் துருவிப் பார்ப்பார்கள் என்று எச்சரித்தார்.

நூலக வாசலில் காருக்குள் இருந்தபடியே கணவரை அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. அங்கே வேலை கிடைத்ததால் அங்கே பதிவு செய்தார், பதிவு செய்ததும் இங்கே பெயர் நீங்கிவிட்டது. அவ்வளவுதான் அவர் செய்தது.

“சத்தியமா எனக்குத் தெரியாது,” என்றார். மூச்சு வாங்குவது கேட்டது. “நான் வாறன். வந்து வேலை எடுக்கிறன். உம்மடை அலுவல் சரிவரும் வரைக்கும் நிக்கிறன்.”

இந்தத் தடவை உண்மையாகவே வந்தார். பஸ்ஸில், அதே பையோடு. வரவேற்பறைச் சோபாவில் படுத்தார். காலையில் எழும்பிப் போர்வையை மடித்து வைத்துவிட்டு வேலை தேடப் போவார். பழைய தொழிற்சாலையில் ஆள் எடுக்கவில்லை. இறைச்சித் தொழிற்சாலைக்குப் போனார், பன்றிப் பண்ணைக்குக்கூடப் போய்க் கேட்டார். நான் சமைத்து வைப்பேன். அவர் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். வெளியிலிருந்து பார்த்தால் கலியாணம் கட்டியவர்கள் மாதிரியேதான் இருந்திருப்போம்.

வந்த இரண்டாம் நாளே இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட்டார். “அவவுக்கு இப்ப ஏழு மாசம். இஞ்சை இருக்கேக்கையே ஒருக்கா அங்கை போய் வந்தனான்,” என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் நிலைக்கவில்லை. அவர் சொன்ன பிறகு நான் போய் உடுப்புத் தோய்க்கும் மெஷினைப் போட்டேன். அது சுற்றி முடியும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.

காலையில் வேலைக்குப் புறப்படும்போது அவர் பால்கனியில் நின்று அவளோடு கதைப்பது கேட்கும். டச்சு எனக்குத் தெரியாது. ஆனால் டேனிஷ் தெரிந்தவளுக்கு டச்சில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடிபடும். சாப்பிட்டாயா, கால் வீங்கியிருக்கிறதா, நித்திரை கொண்டாயா. என்னோடு அந்தக் குரலில் அவர் கதைத்ததில்லை. அவருக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து, பக்கத்து ஊரான இகாஸ்ட்டில் ஒரு களஞ்சியசாலையில் வேலை இருப்பதாக ஆள்சேர்ப்பு நிலையம் ஒன்று அழைத்தது. ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

“திங்கள் துவங்கச் சொல்லீனம். சித்திரை வரைக்கும் ஒப்பந்தம்.”

“பிள்ளை எப்ப?”

“தை கடைசி.”

“அப்ப நீங்கள் இஞ்சை நிண்டு என்ன செய்யப்போறியள்?”

“நிக்கிறன். நான்தானே உம்மை இந்த நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தனான்.”

“பிள்ளை பிறக்கேக்கை?”

“லீவு தருவினமோ எண்டு கேட்டுப் பாக்கிறன்.” சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அந்த மனிதர் அழுது நான் கண்டது அந்த ஒருநாள்தான். மேசையில் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு, முகத்தை மூடாமல் அழுதார்.

“போங்கோ,” என்றேன்.

“நீர் என்ன செய்வீர்?”

“அது எனக்குத் தெரியேல்லை. நீங்கள் போங்கோ. நாளைக்கே போங்கோ.”

இதைப் பெருந்தன்மை என்று யாராவது சொன்னால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் களைத்துப்போயிருந்தேன். பால்கனியிலிருந்து வரும் அந்தக் குரலை வசந்தகாலம் வரைக்கும் கேட்டுக்கொண்டு இருக்க என்னால் முடியாது. அந்தக் குரலைக் கேட்காமல் இருப்பதற்கு நான் கொடுக்கக்கூடிய விலை இந்த நாடாகத்தான் இருந்தது. அடுத்தநாள் காலையில் நானே அவரை வெய்லே நகரத்துக்குக் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் பனித்தூறல்.

அக்காவுக்கு இதை மன்னிக்க முடியவில்லை. படியிறங்கி வந்து வாசலிலேயே நின்று கேட்டார். “விட்டனீரோ? தானா வந்து நிண்டவனை நீரே கொண்டுபோய் ஏத்திவிட்டனீரோ?”

“அவருக்குப் பிள்ளை பிறக்கப்போகுது அக்கா.”

“பிறக்கட்டும்! ஒரு நாலு மாசம் பொறுத்தா என்ன? என்ரை மகன் மனிசிக்காக நாடு விட்டு நாடு போனவன். நீர் சும்மா இருந்து, தானா வந்ததையும் தட்டிவிட்டிட்டீர்.” அவருடைய கண் கலங்கியிருந்தது. கதவைச் சாத்தாமலே படியேறிப் போய்விட்டார். அதன் பிறகு அந்தக் குளிர்காலம் முழுவதும் வேலையில் எதிர்ப்பட்டால் வணக்கம் மட்டும்தான்.

கருத்துக் கேட்டிருந்தார்கள் அல்லவா, எழுதினேன். வேலை ஒப்பந்தம், மொழிப் பரீட்சைச் சான்றிதழ், வரி கட்டிய விவரம் எல்லாவற்றையும் இணைத்தேன். சமையற்கூடப் பொறுப்பாளர் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதித் தந்தார். இவளைப்போல இந்த வேலையைச் செய்ய ஆள் கிடைப்பதில்லை, எங்கள் முதியவர்கள் இவள் வந்த பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்று. அந்தக் கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. மற்றபடி முடிவில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. உரிமை முடிந்துவிட்டது என்று முடிவு. மேன்முறையீடு செய்தேன், பல மாதம் இழுபட்டு அதுவும் அப்படியே வந்தது. வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டேன். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் சம்பள எல்லையை ஒரு சமையற்கூடத் தொழிலாளி ஒருநாளும் எட்ட மாட்டாள்.

அலுவலகத்துக்கு நேரில் ஒருதடவை போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி என் வயதுக்காரி. என் கோப்பைப் பார்த்துவிட்டு, “மிகவும் வருந்துகிறேன்,” என்றார். அவர் உண்மையாகவே வருந்தினார். நானும் அந்த மாதிரிக் கதிரையில் இருந்தவள், அந்த முகத்தை எனக்குத் தெரியும். அந்த முகத்தோடு ஒருவர் பேசத் தொடங்கினால் இனிக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. எழுந்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மாதங்களில் நான் எப்படி இருந்தேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். வீட்டில் விளக்குப் போட மறந்துபோய் இருட்டிலேயே இருப்பேன். குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒன்றும் இருக்காது. கடைக்குப் போனால் பெரிய அரிசிப் பையை எடுப்பதா சின்னதை எடுப்பதா என்று தெரியாமல் நிற்பேன். எவ்வளவு காலத்துக்கு வாங்குவது? கடைசியில் ஒன்றும் வாங்காமல் வருவேன். சாகலாம் என்று நினைத்ததில்லை. ஆனால் காலையில் விழிக்காமல் இருந்தால் நல்லது என்று பல நாள் நினைத்தேன்.

அம்மாவுக்கு, வரப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். “பரவாயில்லை பிள்ளை. நீ அவசரப்படாமல் பொறுத்துப் பாத்தனி. அது போதும். உன்னிலை பிழை எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது,” என்றார். நான் “ஓம் அம்மா,” என்றேன். அந்தப் பொறுமைதான் என்னைத் திருப்பி அனுப்புகிறது என்று அவருக்குத் தெரியாது. தெரியப்படுத்தவும் மாட்டேன். அவர் எனக்குத் தந்தது அவருக்குத் தெரிந்த ஒரே நல்ல புத்தி. இந்த நாட்டுச் சட்டத்தில் அதற்கு இடமிருக்கும் என்று நினைத்தது எங்கள் இருவருடைய அறியாமை.

போவதற்கு முன் விவாகரத்துக்கு விண்ணப்பித்தோம். இருவருக்கும் சம்மதம் என்பதால் இலகுவாகத்தான் முடிந்தது. இணையத்தில் நான் அனுப்பினேன், ரொட்டர்டாமிலிருந்து அவர் ஒப்புக்கொண்டார். பொறுப்பாளர் காட்டிய அதே பக்கம்தான்.

வீட்டைத் திருப்பி ஒப்படைக்கும்போது சுவருக்கு வெள்ளை அடித்துக் கொடுக்க வேண்டும். தனியாகத் தொடங்கினேன். இரண்டாம் நாள் கதவைத் தட்டிவிட்டு அக்கா உள்ளே வந்தார், பழைய சட்டையோடு, கையில் உருளைத் தூரிகையோடு. வரவேற்பறையின் மறுபக்கச் சுவரிலிருந்து அடித்துக்கொண்டு வந்தார். மதியத்துக்கு இடியப்பமும் சொதியும் கொண்டுவந்திருந்தார். தரையில் பத்திரிகையை விரித்து இருவரும் இருந்து சாப்பிட்டோம்.

“மகனும் மருமகளும் எப்பிடி அக்கா?” என்று கேட்டேன்.

“இருக்கினம். அங்கையே வீடு வாங்கீட்டினம். இனி வரமாட்டினம்.” சொதியை ஊற்றினார். “எனக்கும் ஓய்வெடுக்கிற வயசு வந்திட்டுது. ஆருக்காக இஞ்சை இருக்கிறன் எண்டு எனக்கே தெரியேல்லை.”

என் துக்கம் மட்டும்தான் துக்கம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய தட்டில் இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

விமான நிலையத்துக்கு அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். பில்லுண்டில் வாகனத் தரிப்பிடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்காமலே இருந்தார். நேரம் இருக்கிறது என்றார். கண்ணாடியில் எங்கள் மூச்சு படிந்துகொண்டே வந்தது.

“அங்கை போய் என்ன செய்யப்போறீர்?”

“தெரியாது அக்கா. பழைய வேலை இனி இல்லை. ராஜினாமாக் குடுத்திட்டுத்தானே வந்தனான்.”

“வேறை ஏதும் பாக்கலாம்.”

“ஓம்.”

அவர் அதை நம்பவில்லை, நானும் நம்பவில்லை. பெட்டியை இறக்கித் தந்தார். கட்டிப்பிடிக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. என் கழுத்துத் துணியை இறுக்கிச் சுற்றிவிட்டு, “குளிரும்,” என்றார். நான் போவது குளிர் இல்லாத ஊருக்கு என்பது இருவருக்குமே அந்த நேரத்தில் நினைவில் இல்லை.

கடவுச்சீட்டுப் பார்க்கும் இடத்தில் ஓர் இளைஞன் இருந்தான். என் அட்டையைக் கேட்டான், கணினியில் பார்த்தான். இது இனிச் செல்லாது, தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்று டேனிஷில் சொன்னேன். கணவரோடு இருந்த உரிமை, அவர் நாட்டைவிட்டுப் போய்விட்டார் என்று விளக்கமும் சொன்னேன், அவன் கேட்காமலே. “நன்றாக டேனிஷ் கதைக்கிறீர்கள்,” என்றான். அட்டையைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடவுச்சீட்டை மட்டும் திருப்பித் தந்தான்.

இப்போது யாழ்ப்பாணத்தில் தம்பியின் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறேன். தனியார் கல்வி நிலையம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலை, பிற்பகலில் மட்டும். எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். நான் போகப்போவதில்லை என்பது அவர்களுக்கு விளங்கிவிட்டது. டேனிஷ் சொற்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. போன மாதம் கரண்டிக்கு என்ன சொல் என்று நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. அவர் ஒருநாள் குழந்தையின் படம் அனுப்பியிருந்தார். பெண்பிள்ளை, அவருடைய நெற்றி. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் ஏதாவது எழுத வேண்டுமென்று பல தடவை தொடங்கினேன். எழுதவில்லை. பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது.